நீலவேணியின் வின்ச்

பாகீரதிக்கு அந்த மார்ச் மாதம் முழுவதும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கணினியில் இரண்டு வரி எழுதுவாள். எழுந்து போய் வராந்தாவில் நடப்பாள். கொச்சித் துறைமுகத்துக்கு ஒரு போன் போடுவாள். திரும்பி வந்து எழுதிய இரண்டு வரியையும் அழிப்பாள். பேட்டையில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தக் கடலாய்வு மையத்தில் பதினெட்டு வருஷமாக அவளோடு வேலை பார்த்தவர்கள்கூட அவளிடம் பேச்சுக் கொடுக்கத் தயங்கினார்கள்.

காரணம் கடலுக்கு அடியில் கிடந்தது. பதினாறு மாதங்களுக்கு முன், ஒரு நவம்பரில், கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே ஆயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில் அவள் ஒரு கருவிச் சங்கிலியை இறக்கியிருந்தாள். அடியில் எடைக்கு இரண்டு பழைய ரயில் சக்கரங்கள். அதிலிருந்து மேலே எழும் நீளக் கயிறு. கயிற்றில் இடைவெளி விட்டு ஐந்து கருவிகள், நடுநடுவே மஞ்சள் மிதவைகள், உச்சியில் ஒரு பெரிய மிதவை. அந்தப் பெரிய மிதவையே கடல் மட்டத்துக்கு நூற்றைம்பது மீட்டர் கீழேதான் இருந்தது; மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கருவிகள் பதிந்துகொண்டிருந்தன. சக்கரத்தையும் கயிற்றையும் ஒரு கொக்கி பிணைத்திருந்தது. கப்பலிலிருந்து தண்ணீருக்குள் அதற்கென்றே உள்ள ஒலியை அனுப்பினால் கொக்கி திறந்துகொள்ளும். சக்கரங்கள் அடியில் கிடக்க, மற்றதெல்லாம் மிதந்து மேலே வந்துவிடும்.

கொக்கி பாட்டரியில் ஓடியது. பாட்டரிக்கு ஏப்ரல் இருபது வாக்கில் ஆயுள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன ஒலி கொடுத்தாலும் அதற்குக் கேட்காது.

ஒரு வருஷத்தில் எடுத்துவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் எடுக்க வேண்டிய, கொச்சியில் நிற்கும் 'நீலவேணி' என்ற ஆய்வுக் கப்பலுக்கு முப்பத்தெட்டு வயது. நவம்பரில் அது பழுதுபார்க்கப் போயிருந்தது. ஜனவரியில் நிலவியல்காரர்கள் கொண்டுபோனார்கள். பிப்ரவரியில் மீன்வளம் பார்ப்பவர்கள். பதினைந்து ஆய்வுக் குழுக்கள் ஒரு கப்பலின் நாட்களைப் பிய்த்துக்கொள்ளும் வரிசையில் பாகீரதியின் முறை கடைசியில் ஏப்ரல் மூன்று என்று வந்தது. பத்து நாள். அது தப்பினால் பாட்டரி போய்விடும், அப்புறம் மழைக்காலம்.

இதற்கு நடுவில் இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. நாட்டுக்கு எத்தனை ஆய்வுக் கப்பல்கள் வேண்டும், இருப்பவை எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு குழு டெல்லிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். குழுவின் தலைவர் குற்றாலலிங்கம், மையத்தின் கப்பல் பிரிவுக்குப் பொறுப்பாளர். அறிக்கையை எழுதுகிறவள் பாகீரதி. குற்றாலலிங்கத்தினுடையது தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த குடும்பம். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. பதினொரு வருஷமாக ஒரு புதுக் கப்பலுக்காக எழுதிக்கொண்டிருந்தார். மூன்று முறை கோப்பு திரும்பி வந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை பாகீரதி சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். கயிறுகளைப் பிணைக்கத் துருப்பிடிக்காத இரும்பு வளையங்கள் தேவைப்பட்டன. திரவியத்தின் கடையில் கேட்ட அளவில் கிடைக்கும். வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஜெபசிங் நின்றுகொண்டிருந்தான். நீலவேணியில் வின்ச் ஓட்டுகிறவன், மார்த்தாண்டத்துக்காரன், நாற்பது வயது இருக்கும். கருவிகளைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கி ஏற்றும் அந்த ராட்சத ராட்டினத்தின் முன்னால் பதினொரு வருஷம் நின்றவன். கப்பலை நடத்தும் தனியார் கம்பெனி அவனை வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. அவன் ஆபீசுக்கு வந்திருக்கலாம், வரவில்லை. அவள் இங்கே வருவாள் என்று தெரிந்து காத்திருந்தான்.

பக்கத்துச் சந்தில் ஒரு டீக்கடையின் ஓரமாக நின்று பேசினார்கள். பருப்பு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிகள் போகும்போதெல்லாம் அவன் பேச்சை நிறுத்தினான்.

"மேடம், ஒரு காரியம் சொல்லணும். எம் பேரு வெளிய வரப்பிடாது," என்றான். "வின்ச்சுக்க பிரேக்கு பிடிக்கல்ல."

அவள் கையிலிருந்த பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு, எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

பிப்ரவரிப் பயணத்தில்தான் அது நடந்தது என்றான். கடல்நீரின் மாதிரிகளைச் சேகரிக்கும் பெரிய சட்டத்தை மேலே தூக்கி பிரேக் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அடியில் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து அதைத் தளத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிரேக் போட்டது போட்டபடி இருக்க, சட்டம் தானாக இரண்டு மீட்டர் சறுக்கி இறங்கி நின்றது. ஒருவனுடைய தலைக்கவசத்தை உரசிக்கொண்டு போயிற்று. எஞ்சினியரிடம் சொன்னான். எஞ்சினியர் திருகை இறுக்கிவிட்டு, பதிவேட்டில் சிறு சரிப்படுத்தல் என்று எழுதினார். தேய்ந்த பிரேக் பட்டைக்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்த மாதிரி வின்ச்சை இப்போது யாரும் செய்வதில்லை.

"காலியா நிக்கும்போ பிடிக்கும். கனம் தொங்குனா பிடிக்காது. ஒங்க சாமானு கனமாக்கும்," என்றான். "ஆள் அடியில நிக்கணும் இல்லியா."

அவள் அவனுக்கு நன்றி சொன்னாள். வீட்டுக்கு நடந்து போகும் வழியில் இன்றைய தேதியையும் ஏப்ரல் இருபதையும் மனதுக்குள் கழித்துக் கழித்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை குழுக் கூட்டம். அட்டவணையைத் திரையில் போட்டார்கள். கப்பலின் பெயர், வயது, வருஷத்தில் கடலில் இருந்த நாட்கள், கடைசியாக நிலை. ஆழ்கடல் போகக்கூடிய கப்பல்கள் மூன்று. மூன்றுக்கும் நேரே 'இயங்கு நிலையில்' என்று இருந்தது. அந்தச் சொல்லை அவளே தட்டச்சு செய்திருந்தாள். குற்றாலலிங்கம் யாருக்காவது திருத்தம் உண்டா என்று கேட்டார். மேஜைக்கு அடியில் பாகீரதியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

அன்று மதியம் அவளுடைய மேஜைக்கு இன்னொரு காகிதம் வந்தது. பயணத்தின் தலைமை விஞ்ஞானி கையெழுத்திட வேண்டிய சான்று: கப்பலும் அதன் சாதனங்களும் ஆய்வுக்குத் தகுதியானவை. கையெழுத்துப் போட்டால் ஏப்ரல் மூன்றாம் தேதி கப்பல் கிளம்பும். அதை அவள் இழுப்பறைக்குள் வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. கொச்சிக்குப் போன் செய்து எஞ்சினியரிடம் சுற்றி வளைத்து விசாரித்தாள். எல்லாம் நல்ல கண்டிஷன் என்றார் அவர். அவர் சொன்னதை நம்பினால் என்ன என்று தோன்றியது. அவர் எஞ்சினியர். ஜெபசிங் பயந்து போய்ப் பெரிதாகச் சொல்லியிருக்கலாம். இப்படி எண்ணிக்கொண்டே அவள் ஒரு நாளில் மூன்று தடவை பயணச் சாமான் பட்டியலைச் சரிபார்த்தாள். மூன்று தடவையும் எதையோ விட்டுவிட்டாள்.

கிழக்கேகோட்டையில் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் அவர்கள் வீடு. கணவர் ராமசுப்ரமணியன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்க்கிறவர். வியாழக்கிழமை காலை காபியை வைத்துவிட்டு அவள் மூன்றாவது முறையாகச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தபோது அவர் செய்தித்தாளை மடித்தார்.

"நாலு நாளா நீ இப்படித்தான் அலைஞ்சிண்டிருக்கே. என்ன விஷயம்?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டரி, பிரேக், சான்று, திங்கட்கிழமை தான் வாயைத் திறக்காமல் இருந்தது. அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த வின்ச்சுக்கு அடியிலே யார் நிப்பா?"

"நான் நிப்பேன்."

"நீ மட்டுந்தானா?"

அடியில் நிற்கப் போகிறவர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். பொன்செல்வி என்ற ஆய்வு மாணவி, இரண்டு கப்பல் ஊழியர்கள். பொன்செல்விக்குக் கடல் பயணம் இது முதல் தடவை. புது பூட்ஸ் வாங்கியிருந்தாள். பாகீரதி காபியைக் குடிக்காமலே பஸ் பிடித்து ஆபீசுக்குப் போனாள். பத்து மணிக்கு முன்பே கடிதத்தை எழுதிவிட்டாள். சான்றில் கையெழுத்திடுமுன் வின்ச்சில் மூன்று டன் எடையைத் தொங்கவிட்டு, பிரேக்கில் பத்து நிமிடம் நிறுத்திக் காட்ட வேண்டும். தலைமை விஞ்ஞானி என்ற முறையில் அதைக் கேட்கிறேன். ஜெபசிங்கின் பெயரை அவள் எழுதவில்லை. குற்றாலலிங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

கால் மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"பாகீரதி, உக்காருங்க," என்றார். அவள் உட்காரவில்லை. "யாரு சொன்னா உங்ககிட்ட?"

யாரும் சொல்ல வேண்டியதில்லை, முப்பத்தெட்டு வருஷத்து வின்ச்சுக்கு எடைச் சோதனை கேட்பதில் என்ன தவறு என்றாள். அவர் மேஜையில் இருந்த பழைய கோப்பு ஒன்றைத் தட்டினார்.

"தப்பில்ல. ஆனா நேரம் பாருங்க, கேட்டோ. இந்த மாசம் அறிக்கை போகணும். இருக்கிற மூணையே உங்களால ஒழுங்கா ஓட்ட முடியலையேன்னு கேப்பானுவ. பின்ன புதுசு எங்க தரப்போறான்? இது நின்னா இந்த இடத்துக்கு வேற கப்பல் வராது. உள்ளதும் போகும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை அதிகம் தொந்தரவு செய்தது. திங்கட்கிழமையே சொல்லாதது தன் தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு, கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது என்று கூறி வெளியே வந்தாள்.

சோதனை மார்ச் இருபத்தெட்டாம் தேதி கொச்சியில் நடந்தது. பாகீரதி காலை ரயிலில் போய்ச் சேர்ந்தாள். கப்பலின் பின்பக்கத்தில், பெரிய இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு நீர்ப்பையைத் தொங்கவிட்டு, குழாய் வைத்து மூன்று டன்னுக்கு நிரப்பினார்கள். அடியில் யாரும் நிற்கக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். ஜெபசிங் வின்ச்சின் முன்னால் நின்றான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. பிரேக் போட்டார்கள். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பாகீரதி தன்னை அறியாமல், பிடிக்கட்டும், பிடித்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஆறாவது நிமிடம் கம்பி முனகியது. பை ஒரு முழம் இறங்கியது, நின்றது, பிறகு ஒரேயடியாகத் தளத்தில் வந்து அறைந்து கிழிந்தது. தண்ணீர் எல்லோருடைய காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது.

அன்று மாலையே நீலவேணியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்த வருஷத்தின் மீதிப் பயணங்கள் எல்லாம் போயின. கோவாவிலிருந்து, சென்னையிலிருந்து, விசாகப்பட்டினத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. சிலர் நல்லபடியாகப் பேசினார்கள். ஒருவர், நான்கு வருஷம் காத்திருந்த என் பயணத்தை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். பொன்செல்வி ஒரு நாள் முழுக்கக் கண்ணில் படவே இல்லை. மற்ற இரண்டு கப்பல்களில் ஒன்று அந்தமான் பக்கம் இருந்தது, இன்னொன்று தெற்கே வெகு தூரத்தில். ஏப்ரல் இருபதுக்கு முன் வர வழியே இல்லை.

ஏப்ரல் நான்காம் தேதி ஜெபசிங் நேராக ஆபீசுக்கே வந்தான். கம்பெனியில் அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வேலையும் கொடுக்கவில்லை. இனி ஒளிந்து பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நினைத்திருப்பான்.

"கப்பலுதான் வேணும்னு இல்ல மேடம்," என்றான். "தூத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச ஆளு உண்டு, சேசடிமை. ஆழக்கடல்ல தூண்டி போடுற போட்டு. அவங்க ஓமன் பக்கம் வரை போறவங்க. அம்பது மைலு அவங்களுக்கு ஒரு காரியமே இல்ல. கயிறு இழுக்க சின்ன வின்ச்சும் கெடக்கு. மொத்தமாத் தூக்க வேண்டாம், ஒவ்வொண்ணா ஊரி எடுக்கலாம்."

அவள் காகிதத்தில் எடைகளை எழுதிப் பார்த்தாள். சக்கரங்கள் அடியிலேயே தங்கிவிடும். மேலே வருவது தானாக மிதக்கும். ஒவ்வொரு கருவியாகப் பிரித்துத் தூக்கினால் எந்த ஒன்றும் எழுபது கிலோவைத் தாண்டாது. முடியும்.

விதிகள் அப்படிச் சொல்லவில்லை. அரசு ஆய்வாளர் மீன்பிடிப் படகில் போக அனுமதி என்ற ஒரு படிவமே இல்லை. பாகீரதி மூன்று நாள் அறை அறையாக ஏறி இறங்கினாள். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் குற்றாலலிங்கத்தின் அறைக்கே போக வேண்டியிருந்தது. சோதனைக்குப் பிறகு இருவரும் பேசியிருக்கவில்லை. அவர் அவளுடைய குறிப்பை முழுவதும் படித்தார். உயிர்காப்பு உடைகள், ரேடியோ, கடலோரக் காவலுக்குத் தகவல் என்று ஓரத்தில் மூன்று நிபந்தனைகளை எழுதினார். பிறகு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எடைச் சோதனை ரிப்போர்ட்டப் பார்த்தேன். ஆறு நிமிஷம்." குறிப்பின் அடியில் தேதியை எழுதினார். "நான் அந்தக் கப்பல்ல பதினேழு தடவை போயிருக்கேன், பாகீரதி."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி மதியம் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து படகு கிளம்பியது. சேசடிமைக்கு ஐம்பது வயது. ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். அவரோடு ஏழு பேர். பாகீரதி, பொன்செல்வி, ஜெபசிங் மூவரும். பொன்செல்வி துறைமுகத்துக்கு வரும் வழியில் பாறசாலை தாண்டியதிலிருந்தே வாந்தி எடுக்காமல் இருப்பது எப்படி என்று ஜெபசிங்கைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கடலில் ஒரு மணி நேரத்திலேயே படுத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்தபோது அந்த இடத்தில் இருந்தார்கள். சுற்றிலும் எதுவும் இல்லாத தண்ணீர். கடல் எண்ணெய் தடவினாற்போல் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாகீரதி ஒலிபரப்பும் கருவியைக் கம்பியில் பக்கவாட்டில் இறக்கிவிட்டு, தன் பெட்டியிலிருந்து அழைப்பு அனுப்பினாள். கொக்கிக்கு உயிர் இருந்தால் பதில் ஒலி வரும். எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பது பெட்டியில் எண்ணாகத் தெரியும்.

ஒன்றும் வரவில்லை. திரும்ப அனுப்பினாள். பத்து முறை, பன்னிரண்டு முறை. பாட்டரி முன்கூட்டியே போய்விட்டதா, இடம் தவறா, கயிறே இல்லையா என்று அவள் மனம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. அரை மைல் கிழக்கே போகச் சொன்னாள். அங்கும் இல்லை. சேசடிமை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்க சத்தம் நமக்குக் கேக்கணும், இல்லியா?" என்றார். "எஞ்சின் ஓடுனா மீனே தூரப் போவும்."

எஞ்சினை அணைத்தார். படகில் திடீரென்று ஒரு மௌனம். பாகீரதி மறுபடி அழைத்தாள். பெட்டியில் ஆயிரத்து நூற்று அறுபது என்று எண் விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெபசிங் குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு, கேட்டுச்சு, கேட்டுச்சு என்று மற்றவர்களிடம் மெதுவாகச் சொன்னான்.

அவிழ்ந்துகொள்ளும்படி கட்டளை அனுப்பினாள். எண் குறைய வேண்டும். ஆயிரத்து நூற்று அறுபது. ஆயிரத்து நூற்று அறுபது. மறுபடி அனுப்பினாள். அதே எண். மூன்றாம் முறை அனுப்பிவிட்டு அவள் பலகையில் உட்கார்ந்து, எழுந்து, மறுபக்கம் போய், திரும்ப வந்தாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது. ஆயிரத்து நூற்று முப்பது. கொக்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் மெல்ல, அவள் கணக்குப் போட்டதில் பாதிக்கும் குறைந்த வேகத்தில். பதினேழு நிமிடத்தில் வர வேண்டியது நாற்பது நிமிடம் எடுத்தது. முதலில் கண்டது படகின் முனையில் நின்றவன்தான். கையை மட்டும் நீட்டினான். முக்கால் மைல் தள்ளித் தண்ணீரில் மஞ்சளாக ஒரு கொத்து.

பக்கத்தில் போனபோது பெரிய மிதவையைக் காணவில்லை. ஜெபசிங் கொக்கிக் கம்பால் கயிற்றை இழுத்து வின்ச்சில் கோத்தான். வந்தது கயிற்றின் நடுப்பகுதி. மூன்றாவது கருவி, நான்காவது, ஐந்தாவது, கடைசியில் கொக்கி. எல்லாம் பாசி பிடித்து, முழுசாக வந்தன. மேல் இரண்டு கருவிகளும் பெரிய மிதவையும் இருந்த பகுதி இல்லவே இல்லை. அறுந்த நுனியில் பளபளக்கும் நைலான் நரம்பு கட்டுக் கட்டாகச் சுற்றியிருந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு தூண்டில்கள், துருவேறி. எப்போதோ ஒரு மீன்பிடிப் படகின் நீளத் தூண்டில் கயிற்றில் சிக்கியிருக்கிறது. அவர்கள் இழுத்த இழுப்பில் கருவிக் கயிறு அறுந்திருக்கிறது, சிக்கிய நரம்பை அவர்கள் வெட்டிவிட்டிருக்கிறார்கள். மேல்பாதி எங்கோ மிதந்து போயிருக்கிறது.

சேசடிமை அந்தக் கட்டைக் கையில் எடுத்தார். ஒரு முடிச்சைக் கட்டைவிரலால் பிரித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இது எங்க ஊரு கெட்டாக்கும்," என்றார். "வேற எடத்துல இப்படிக் கெட்ட மாட்டாங்க."

அவர் நரம்பைத் தரையில் வைத்தார்.

"நானாக்கூட இருக்கலாம் மேடம். போன வருசம் எனக்கு இந்தப் பக்கத்துல கயிறு பிடிச்சு நின்னுச்சு. பாறைன்னு நெனச்சேன். அங்க ஒங்க சாமானு கெடக்குன்னு எங்ககிட்ட ஆரு சொன்னா?"

அறிவிப்புக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கொடுத்திருந்தார்கள்தான். கடல்வழி எச்சரிக்கை என்று ஆங்கிலத்தில், அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு, ஒரு அரசு இணையதளத்தில். அதை யார் படிப்பார்கள் என்று இதுவரை அவள் யோசித்ததே இல்லை. யாரும் சொல்லவில்லை, தப்பு எங்கள் பக்கம்தான் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எஞ்சினைக் கிளப்பப் போனார். திரும்பும் வழியில் பாகீரதி கருவிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். நனைந்த துணியைப் போட்டு மூடி, நிழல் நகர நகர அவற்றையும் நகர்த்திக்கொண்டே வந்தாள். கரையில் திறந்து பார்த்தபோது பதினேழு மாதப் பதிவு மூன்று கருவிகளிலும் ஒரு இடைவெளி இல்லாமல் இருந்தது. மேலே இருந்த இரண்டின் பதிவு போனது போனதுதான்.

மார்ச்சில் போகாமல் நின்றுபோன அறிக்கையை அவள் முதலிலிருந்து எழுதினாள். நீலவேணிக்கு நேரே 'நிறுத்தப்பட்டது' என்று போட்டாள். பெரிய கப்பல் இரண்டு வேண்டும் என்ற பழைய கோரிக்கையை அப்படியே வைத்தாள். அதோடு, கரைக்கு அருகே வேலை செய்யச் சிறிய கப்பல்கள். அவை வரும்வரை மீன்பிடிப் படகுகளை முறைப்படி அமர்த்திக்கொள்ள ஒரு விதி. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் எடைச் சோதனை. பழைய வின்ச்களுக்கு உதிரிப் பாகங்கள். அவற்றை இயக்குகிறவர்களுக்கு நிரந்தரப் பணியிடம். கருவி இறக்கும் இடங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் கடற்கரை ஊர்களில் அறிவிப்பது. குற்றாலலிங்கம் இரண்டு நாள் வைத்துப் படித்தார். ஒரு வரியையும் அடிக்கவில்லை. இது போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னார்.

ஜூலையில் டெல்லியில் அதை விவாதித்தார்கள். அவர் பயந்த கேள்வியை முதல் பத்து நிமிடத்திலேயே ஒருவர் கேட்டார்: இருப்பதையே காப்பாற்றத் தெரியாதவர்களுக்குப் புதிது எதற்கு? பாகீரதி பதிலாகச் சோதனையின் காணொளியைப் போட்டுக் காட்டினாள். பை விழுந்து கிழிந்ததும், அந்த இடத்தில் ஏப்ரலில் நிற்க வேண்டியிருந்த நான்கு பேரின் பெயரைச் சொன்னாள். நான்காவது பெயர் அவளுடையது. அறையில் சிறிது நேரம் சலசலப்பு இருந்தது. முடிவு ஆகஸ்டில் வந்தது. நீலவேணிக்குப் புது வின்ச் உண்டு. மீன்பிடிப் படகுகளை அமர்த்துவது இரண்டு வருஷத்துக்குச் சோதனை முறையில் உண்டு. எடைச் சோதனை கட்டாயம். புதுக் கப்பல் அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும். வின்ச் இயக்குகிறவர்களின் பணியிடம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஜெபசிங்கின் ஒப்பந்தம் மே மாதமே முடிந்திருந்தது. கம்பெனி அவனை நீக்கவில்லை, புதுப்பிக்கவும் இல்லை, கூப்பிடவே இல்லை. பாகீரதி இரண்டு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. அவன் விழிஞ்ஞம் பக்கம் ஒரு கட்டுமான வேலையில் கிரேன் ஓட்டப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டு, செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனாள். வேலை முடிந்து வந்தவன் அவளைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினான். இருவரும் ரோட்டோரத்தில் நின்றார்கள்.

உன் வேலை என்னால் போயிற்று என்றாள் அவள். அப்படிச் சொல்ல அவளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"நான்தான மேடம் வந்து சொன்னேன்," என்றான் அவன். "சொல்லாம இருந்தா ஒரு ஆளு போயிருப்பான். அதுக்கப்புறம் எனக்கு அங்க நிக்கத்தான் முடியுமா?" பிறகு, புது வின்ச் எந்தக் கம்பெனிக்காரனுடையது, ஓட்டிப் பழகியவர்களை எடுப்பார்களா என்று விசாரித்தான். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள். கேட்டுக்கொண்டே இருப்பேன் என்றாள்.

பையிலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்துக் கொடுத்தாள். நவம்பரில் புதிதாகக் கருவி இறக்கப் போகும் இடம், ஆழம், வரைபடம். தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் ஒரு பக்கம். தூத்தூரிலும் பக்கத்து ஊர்களிலும் கொடுக்க வேண்டும். சேசடிமை வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இறக்குவதும் அவருடைய படகிலிருந்துதான். ஜெபசிங் வரைபடத்தை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்துப் பார்த்தான்.

"நவம்பர்ல எந்தத் தேதி?"

இன்னும் முடிவாகவில்லை, முதல் வாரமாக இருக்கும் என்றாள். ஒரு நாள் முன்னால் சொன்னால்கூடப் போதும், லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.